எஸ்பிஎஃப் இருக்கிறது, ஆனாலும் இன்வாய்ஸ் ஸ்பேமுக்குப் போகிறது

கேள்வி: எங்களுடையது சிறு நிறுவனம். சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கிறோம். அலுவலக மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருக்கிறது. மாதாந்திர நியூஸ்லெட்டர் தனியாக ஒரு சேவை வழியாகப் போகிறது. இன்வாய்ஸ்களைக் கணக்கு மென்பொருளே அனுப்பிவிடும். வெப்சைட்டில் ஒரு தொடர்புப் படிவமும் உண்டு. கொஞ்ச நாளாக இன்வாய்ஸ்கள் வாடிக்கையாளர்களின் ஸ்பேமில் விழுகின்றன. போன வாரம் எங்கள் பெயரில் ஒரு வாடிக்கையாளருக்கு, 'வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது' என்று போலி மெயில் போயிருக்கிறது. நல்லவேளை, அவர் ஃபோன் செய்து கேட்டுவிட்டார். டிஎன்எஸ்ஸில் பார்த்தால் எஸ்பிஎஃப் ரெக்கார்டு இரண்டு இருக்கின்றன. டிகிம் போட்டதாக நினைவு. டிமார்க் இல்லை. எதை எந்த வரிசையில் சரிசெய்வது? நேராக 'ரிஜெக்ட்' போட்டுவிடலாமா?

பதில்: இன்றைக்கு ரிஜெக்ட் போடாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றும் டிஎன்எஸ்ஸில், அதாவது உங்கள் டொமைனின் பொது விவரப் பதிவேட்டில், போடும் ரெக்கார்டுகள். எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் எந்தச் சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம் என்பது மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி. டிமார்க் என்பது இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற கொள்கை. அதில் 'ரிஜெக்ட்' என்றால் ஏற்காமல் திருப்பு என்று பொருள். இப்போதிருக்கும் நிலையில் போட்டால் போலி மெயிலோடு சேர்த்து உங்கள் இன்வாய்ஸும் திருப்பி அனுப்பப்படும். ஸ்பேமில் விழுந்தால் தேடியாவது எடுக்கலாம். ரிஜெக்ட் ஆனது வாடிக்கையாளர் கண்ணிலேயே படாது. கடைசியில் ரிஜெக்டில்தான் போய் நிற்க வேண்டும் என்பது உண்மை, ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை அந்தப் போலி மெயில். வாடிக்கையாளரிடம் அதை ஃபார்வர்டு செய்யச் சொல்லாதீர்கள், ஃபார்வர்டில் மூல ஹெட்டர் (மெயில் எங்கிருந்து எப்படி வந்தது என்ற விவரப் பகுதி) போய்விடும். மெயிலை அப்படியே ஃபைலாகச் சேமித்து இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அதில் அனுப்புநர் முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். உங்கள் டொமைனே அச்சு அசலாக இருந்து, டிகிமும் எஸ்பிஎஃப்பும் தேறவில்லை என்றால், யாரோ வெளியிலிருந்து உங்கள் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இந்த வகையைத்தான் டிமார்க் தடுக்கும். ஒரு எழுத்து மாற்றிய வேறு டொமைன் என்றால் உங்கள் டிஎன்எஸ்ஸில் எதைப் போட்டாலும் அது நிற்காது. வாடிக்கையாளர்களுக்கு எச்சரிக்கை அனுப்புவதும், அந்த டொமைனை விற்ற பதிவாளரிடம் புகார் செய்வதும்தான் வழி.

மூன்றாவது வாய்ப்பு இன்னும் மோசமானது. மெயிலில் உங்கள் டொமைனின் டிகிம் கையொப்பமே தேறியிருந்தால், பெரும்பாலும் உங்கள் ஊழியர் ஒருவரின் கணக்குக்குள்ளேயே ஆள் புகுந்திருக்கிறார். உடனே பாஸ்வேர்டை மாற்றி, திறந்திருக்கும் எல்லா அமர்வுகளையும் துண்டித்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். அந்தப் பெட்டியின் ஃபில்டர்களையும் தானியங்கி ஃபார்வர்டு விதிகளையும் பார்க்க மறக்காதீர்கள். புகுந்தவர் 'பேமென்ட்' என்ற சொல் வரும் பதில்களை மட்டும் ஒளித்துவைக்கும் விதி ஒன்றைப் போட்டுவிட்டுப் போவது வழக்கம். பாஸ்வேர்டு மாறினாலும் அந்த விதி அங்கேயே இருக்கும்.

இனி இன்வாய்ஸ் விஷயம். எல்லாக் குழப்பமும் ஓர் இடத்தில்தான் இருக்கிறது: ஒரு மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு. தபாலில் உறைமேல் ஒரு முகவரியும் உள்ளே லெட்டர்ஹெட்டில் ஒரு முகவரியும் இருப்பது போல. வாடிக்கையாளர் பார்ப்பது லெட்டர்ஹெட், அதாவது 'ஃப்ரம்' முகவரி. எஸ்பிஎஃப் பார்ப்பது உறைமேல் இருக்கும் முகவரியை, அதாவது டெலிவரி ஆகாத மெயில் திரும்ப வேண்டிய 'ரிட்டர்ன் பாத்' முகவரியை. டிகிம் பார்ப்பது மெயிலில் கையொப்பமிட்ட டொமைனை. இந்த இரண்டும் ஃப்ரம் முகவரியோடு சம்பந்தமே இல்லாத டொமைன்களாக இருந்தும் 'பாஸ்' வாங்கலாம். டிமார்க்தான் கேட்கும்: தேறியது சரி, தேறிய டொமைனும் வாடிக்கையாளர் பார்க்கும் டொமைனும் ஒன்றா? எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது தேறி, ஃப்ரம் டொமைனோடு பொருந்தவும் வேண்டும். இந்தப் பொருத்தத்துக்கு அலைன்மென்ட் என்று பெயர்.

உங்கள் இன்வாய்ஸ் ஒன்றை ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, 'ஷோ ஒரிஜினல்' போய்ப் பாருங்கள். மேலே சுருக்கமாக எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ் என்றே இருக்கக்கூடும். அதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு பாஸுக்கும் பக்கத்தில் எந்த டொமைன் இருக்கிறது என்று படியுங்கள். இரண்டு இடத்திலும் கணக்கு மென்பொருள் நிறுவனத்தின் டொமைன் இருந்தால், அந்த நிறுவனம் தன்னைத்தான் நிரூபித்திருக்கிறது, உங்களை அல்ல. பெறும் சர்வரின் கண்ணுக்கு அது யாரோ ஒருவர் உங்கள் பெயரைப் போட்டு அனுப்பிய மெயில். டிமார்க் என்ற மூன்றாவது வரி இப்போது வராது, உங்கள் டொமைனில் அந்த ரெக்கார்டே இல்லையே.

ஆகவே ரெக்கார்டில் கை வைக்கும் முன், உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்பும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் சொன்னவை நான்கு: அலுவலக மெயில், நியூஸ்லெட்டர், இன்வாய்ஸ், படிவம். ஸ்கேனர்-பிரிண்டர், வேலைக்கு விண்ணப்பம் வாங்கும் தளம், வாடிக்கையாளர் புகார் மென்பொருள், சர்வர் பேக்கப் எச்சரிக்கை என்று இன்னும் ஒன்றிரண்டு நிச்சயம் கிடைக்கும். விட்டுப்போனவற்றை டிமார்க் அறிக்கை பின்னால் காட்டிக்கொடுக்கும். இருந்தாலும் தெரிந்ததை இப்போதே எழுதுவது நல்லது.

அடுத்து, எந்த இடத்தில் திருத்துவது என்று பாருங்கள். டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பக்கம் இருப்பதாலேயே அது செயலில் இருப்பதாக அர்த்தமில்லை. நேம்சர்வர் (உங்கள் டொமைனின் ரெக்கார்டுகளைக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் சர்வர்) எந்த நிறுவனத்தைக் காட்டுகிறதோ, அங்கே போடும் ரெக்கார்டுதான் உலகத்துக்குத் தெரியும். ரெக்கார்டு போட்டேன், மூன்று நாளாகியும் வரவில்லை என்ற புலம்பலில் பெரும்பாலானவை இந்தக் கோளாறுதான். இருக்கும் ரெக்கார்டுகளை முழுதாக நகலெடுத்து வைத்துக்கொண்டு, மாற்றப்போகும் ரெக்கார்டின் டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) ஒரு நாள் முன்பே 300 விநாடிக்கு இறக்குங்கள். தவறு நேர்ந்தால் திருப்பி எடுக்க ஐந்து நிமிடம் போதும். இன்னொன்று: புது ரெக்கார்டைப் போடும் முன்பே அது வந்துவிட்டதா என்று சோதனைத் தளங்களில் தேடாதீர்கள். 'இல்லை' என்ற பதிலும் கேஷில், அதாவது தற்காலிக நினைவில், தங்கும், பிறகு போட்டாலும் கொஞ்ச நேரம் இல்லை என்றே காட்டும்.

எஸ்பிஎஃப்பில் உங்கள் கோளாறு தெளிவானது. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறும் சர்வர் எது சரி என்று தேர்ந்தெடுக்காது, 'பெர்ம்எரர்' (நிரந்தரப் பிழை) என்று சொல்லி இரண்டையுமே தள்ளிவிடும். ஆக இப்போது உங்களுக்கு எஸ்பிஎஃப் இல்லாத நிலைதான். ஹோஸ்டிங் நிறுவனம் ஆரம்பத்திலேயே ஒன்றைப் போட்டிருக்கும், கூகுளுக்காக நீங்கள் இன்னொன்று சேர்த்திருப்பீர்கள். வழக்கமாக இப்படித்தான் இரண்டாகிறது. இரண்டின் உள்ளடக்கத்தையும் ஒரே வரியில் சேர்த்து, மற்றதை அழியுங்கள். தொடக்கத்தில் பதிப்பு, நடுவில் இன்க்ளூட்கள் (இன்னொரு சேவையின் சர்வர் பட்டியலைச் சேர்க்கும் சொற்கள்), முடிவில் ஒரே ஒரு 'ஆல்' (பட்டியலில் இல்லாத மற்ற எல்லாரையும் குறிப்பது). ஹோஸ்டிங் சர்வரிலிருந்து இனி மெயில் போகப்போவதில்லை என்றால் அந்தப் பகுதியைச் சேர்க்கவே வேண்டாம். பகிர்வு ஹோஸ்டிங்கில் அதே ஐபி முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். அவற்றில் யாருடைய தளம் ஹேக் ஆனாலும் அங்கிருந்து போகும் மெயிலுக்கு உங்கள் எஸ்பிஎஃப் சாட்சி சொல்லும்.

ஆலுக்கு முன்னால் '~' குறி போடுங்கள், மற்றவர்களைச் சந்தேகத்தோடு பார் என்று பொருள். '-' என்றால் ஏற்காதே என்று பொருள். '-' போட்டால் சில சர்வர்கள் டிகிம்மைப் பார்க்காமலே வாசலில் மெயிலைத் திருப்பிவிடும். கடைசி முடிவைச் சொல்ல டிமார்க் இருக்கும்போது அந்த அவசரம் தேவையில்லை. '+' மட்டும் எக்காரணத்தாலும் போடக்கூடாது. உலகில் யார் வேண்டுமானாலும் என் பெயரில் அனுப்பலாம் என்று எழுதிக்கொடுப்பதுதான் அது.

பத்து என்ற வரம்பும் உண்டு. எஸ்பிஎஃப்பைச் சரிபார்க்கும்போது நடக்கும் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டினால் மறுபடி பெர்ம்எரர். இன்க்ளூட், ஏ, எம்எக்ஸ், ரீடைரக்ட் எல்லாம் கணக்கில் சேரும். இன்க்ளூடுக்குள் இருக்கும் இன்க்ளூடும் சேரும். ஐபி4, ஐபி6 என்று நேரடியாக எழுதியவை சேராது. ரெக்கார்டில் நான்கு இன்க்ளூட்தானே என்று தெரியும், உள்ளே எண்ணினால் பன்னிரண்டு இருக்கும்.

இங்கே பலரும் செய்யும் ஒரு வீண்வேலையைச் சொல்ல வேண்டும். நியூஸ்லெட்டர் சேவையின் இன்க்ளூடை உங்கள் எஸ்பிஎஃப்பில் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சேவை ரிட்டர்ன் பாத்தில் தன் சொந்த டொமைனை வைத்து அனுப்பினால், பெறும் சர்வர் எஸ்பிஎஃப்புக்காகப் போய்ப் பார்ப்பது அந்த டொமைனைத்தான். உங்கள் ரெக்கார்டை யாரும் திறந்துகூடப் பார்க்கப்போவதில்லை. பத்தில் இரண்டு மூன்று வீணானதுதான் மிச்சம். அங்கே செய்ய வேண்டியது வேறு. சேவையின் அமைப்புகளில் 'டொமைன் அதென்டிகேஷன்' என்ற பகுதி இருக்கும். அது தரும் இரண்டு மூன்று சிநேம் ரெக்கார்டுகளை (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் ரெக்கார்டுகளை) உங்கள் டிஎன்எஸ்ஸில் போட்டால் டிகிம் உங்கள் டொமைன் பெயரிலேயே கையொப்பமிடும். சில சேவைகளில் ரிட்டர்ன் பாத்தும் உங்கள் துணை டொமைனுக்கு மாறும். இன்வாய்ஸ் மென்பொருளிலும் இதே பகுதியைத் தேடுங்கள். இல்லாவிட்டால், உங்கள் மெயில் சர்வர் வழியாகவே எஸ்எம்டிபியில் (மெயில் அனுப்பும் வழக்கமான முறையில்) அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே சிறந்தது, தனி ரெக்கார்டே வேண்டாம். இரண்டும் இல்லாத மென்பொருள் என்றால், உங்கள் டொமைனை ஃப்ரம்மில் போடுவதை நிறுத்தி, மென்பொருள் நிறுவனத்தின் முகவரியிலிருந்து அனுப்பி, 'ரிப்ளை டூ'வில் (பதில் போய்ச் சேர வேண்டிய முகவரியில்) உங்கள் முகவரியை வையுங்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. ஆனால் இன்வாய்ஸ் போய்ச் சேரும்.

டிகிம் போட்டதாக நினைவு என்கிறீர்கள். கூகுளில் அந்த நினைவை நம்பக்கூடாது. நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் கூகுள் தன் பொது டொமைன் ஒன்றின் பெயரில் கையொப்பமிட்டுவிடும், அதனால் டிகிம் பாஸ் என்றே காட்டும். ஹெட்டரில் கையொப்ப டொமைன் 'ஜிஆப்ஸ்எஸ்எம்டிபி' என்று முடிந்தால் உங்கள் டிகிம் இன்னும் இயங்கவில்லை என்று பொருள். அட்மின் கன்சோலில் ஆப்ஸ், கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஜிமெயில், அதனுள் 'அதென்டிகேட் இமெயில்' என்று போங்கள். 2048 பிட் சாவியை உருவாக்கி, அது தரும் பெயரையும் மதிப்பையும் டிஎன்எஸ்ஸில் டெக்ஸ்ட் ரெக்கார்டாகப் போடுங்கள். ரெக்கார்டு வெளியே தெரிய ஆரம்பித்த பிறகு அதே பக்கத்துக்குத் திரும்பி வந்து 'ஸ்டார்ட் அதென்டிகேஷன்' பொத்தானை அழுத்த வேண்டும். ரெக்கார்டைப் போட்டுவிட்டு இந்தப் பொத்தானை மறந்தவர்கள் ஏராளம். உங்கள் நினைவும் பாதி உண்மையாக இருப்பது இதனால்தான் என்று சந்தேகிக்கிறேன்.

டெக்ஸ்ட் ரெக்கார்டில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் வரம்பு. 2048 பிட் சாவி அதைத் தாண்டும். பல டிஎன்எஸ் பக்கங்கள் தாமாகவே பிரித்துக்கொள்ளும். சில பழைய பக்கங்கள் ஒன்றும் சொல்லாமல் வாலை வெட்டிவிடும். சேமித்தபின் ரெக்கார்டின் கடைசி பத்து எழுத்துகள் கூகுள் தந்ததோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வெட்டியிருந்தால் இரண்டு துண்டாக, தனித்தனி மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். துண்டுகள் இடைவெளி இல்லாமல் தாமே ஒட்டிக்கொள்ளும். அதற்கும் வழியில்லாத பக்கம் என்றால் 1024 பிட் சாவி. அது குறைந்தபட்ச அளவு, இன்னும் ஏற்கப்படுகிறது, ஆனால் டிஎன்எஸ்ஸை நல்ல இடத்துக்கு மாற்றும் வரைக்கும்தான்.

பெயர்ப் பெட்டியிலும் ஒரு பொறி இருக்கிறது. பல பக்கங்கள் நீங்கள் அடித்த பெயருக்குப் பின்னால் டொமைனைத் தாமே சேர்க்கும். நீங்களும் முழுப் பெயரை அடித்தால் டொமைன் இரண்டு முறை வந்து, ரெக்கார்டு யாரும் தேடாத இடத்தில் உட்கார்ந்திருக்கும். கிளவுட்ஃபிளேர் பயன்படுத்தினால் டிகிம்முக்கான சிநேம் ரெக்கார்டுகளில் ஆரஞ்சு மேகத்தைச் சாம்பல் நிறமாக்கி ப்ராக்ஸியை (இடையில் நிற்கும் அதன் சர்வரை) அணையுங்கள். ப்ராக்ஸி வழியாகப் போனால் சாவி கிடைக்காது.

தொடர்புப் படிவத்தில் நடப்பது பெரும்பாலும் இது: படிவத்தை நிரப்பியவரின் முகவரியையே ஃப்ரம்மில் வைத்து உங்களுக்கு அனுப்பும். அவர் ஜிமெயில்காரர் என்றால், உங்கள் வெப் சர்வர் ஜிமெயில் பெயரில் போலி மெயில் அனுப்புவதாகிறது. ஃப்ரம்மில் உங்கள் டொமைன் முகவரி, ரிப்ளை டூவில் அவருடைய முகவரி, அனுப்புவது எஸ்எம்டிபி வழியாக. இவ்வளவுதான்.

இதெல்லாம் முடியும்வரை காத்திருக்காமல் டிமார்க்கை இன்றைக்கே போடலாம், 'நன்' என்ற கொள்கையோடு. அது எதையும் தடுக்காது, அறிக்கை மட்டும் வரவழைக்கும். பெயர் 'அண்டர்ஸ்கோர் டிமார்க்', வகை டெக்ஸ்ட். மதிப்பைத் தமிழ் எழுத்தில் காட்டுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்:

வி=டிமார்க்1; பி=நன்; ஆர்யூஏ=மெயில்டூ:அறிக்கை@உங்கள்டொமைன்

'வி' முதலில் வர வேண்டும், அடுத்தது 'பி'. இடையில் அரைப்புள்ளி. வேர்டு ஃபைலிலிருந்து நகலெடுத்தால் வளைந்த மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டு வரும், அதனால் கையால் அடியுங்கள். அறிக்கைக்குத் தனி மெயில்பெட்டி வையுங்கள். வேறு டொமைன் முகவரிக்கு அறிக்கை போக வேண்டுமானால், அந்த டொமைன்காரர் தன் டிஎன்எஸ்ஸில் சம்மத ரெக்கார்டு ஒன்று போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வராது. அறிக்கை ஆய்வுச் சேவைகள் இதைத் தாமே செய்துவைத்திருக்கும்.

அறிக்கைகள் தினமும் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் ஃபைலாக வரும். மெயிலின் உள்ளடக்கம் அதில் இருக்காது. எந்த ஐபி முகவரி, எத்தனை மெயில், எஸ்பிஎஃப் எந்த டொமைனில் தேறியது, டிகிம் எந்த டொமைனில் தேறியது என்ற கணக்குதான் இருக்கும். ஏதாவது ஓர் இலவச ஆய்வுக் கருவியில் போட்டால் அட்டவணையாகத் தெரியும். ஒவ்வொரு வரியையும் உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். தாளில் இருப்பது, டிமார்க்கும் தேறியிருக்கிறது என்றால் அடுத்த வரிக்குப் போகலாம். தாளில் இருந்தும் தேறவில்லை என்றால் அந்தச் சேவையின் டிகிம்மைச் சரிசெய்ய வேண்டும். தாளில் இல்லாத ஐபி என்றால் உடனே எதிரி என்று முடிவு கட்டாதீர்கள். ஐபியின் பெயரைத் தேடிப் பாருங்கள், மறந்துபோன உங்கள் சேவையாகவே இருக்கலாம். டிகிம் உங்கள் பெயரில் தேறி, எஸ்பிஎஃப் மட்டும் தோற்றிருந்தால் அது பெரும்பாலும் ஃபார்வர்டு: வாடிக்கையாளர் தன் மெயிலை இன்னொரு பெட்டிக்குத் திருப்பி வைத்திருக்கிறார். ஃபார்வர்டில் எஸ்பிஎஃப் பெரும்பாலும் உடையும். உள்ளடக்கத்தைத் தொடாதவரை டிகிம் தாங்கும். எஸ்பிஎஃப் மட்டும் பொருந்தினால் போதும் என்று எந்தச் சேவையையும் விட்டுவிடக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

'நன்' கொள்கையில் குறைந்தது ஒரு முழு மாதம் இருங்கள். மாதக் கடைசி இன்வாய்ஸும் ஒரு நியூஸ்லெட்டரும் அதற்குள் போயிருக்க வேண்டும். உங்கள் மெயில்கள் எல்லாம் தேறுகின்றன என்று தெரிந்தபின் 'குவாரண்டைன்', அதாவது தேறாததை ஸ்பேமில் போடு என்ற கொள்கை. அதில் இரண்டு மூன்று வாரம். புகார் ஒன்றும் வரவில்லை, அறிக்கையும் சுத்தம் என்றால் 'ரிஜெக்ட்'. 'நன்'னிலேயே வருடக்கணக்காக நின்றுவிடும் நிறுவனங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. உங்கள் வாடிக்கையாளருக்கு வந்த அந்த வங்கிக் கணக்கு மெயில், 'நன்' இருந்தாலும் வந்தேதான் இருக்கும்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு மூன்று ரெக்கார்டையும் கட்டாயமாக்கின. ஜிமெயிலின் கணக்கில் நாளுக்கு 5,000 மெயில் மொத்த அனுப்புதல். அவுட்லுக்கும் 2025 மே மாதத்தில் இதே வழிக்கு வந்தது. உங்கள் அளவுக்கு எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்று போதும் என்று விதி சொல்லலாம், அதை நம்பி நிற்காதீர்கள். நியூஸ்லெட்டர் பட்டியல் வளர்ந்தால் ஒரே நாளில் அந்த எல்லைக்குள் வந்துவிடுவீர்கள். அப்போது ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடாமலும் இருக்க வேண்டும். ரெக்கார்டுகள் சரியாக இருந்தும் கேட்காதவர்களுக்கு அனுப்பினால் ஸ்பேம்தான்.

உங்கள் டிமார்க் கொள்கை துணை டொமைன்களுக்கும் தானாகப் பொருந்தும். எஸ்பிஎஃப் அப்படிப் பொருந்தாது, மெயில் அனுப்பும் ஒவ்வொரு துணை டொமைனுக்கும் தனியாகப் போட வேண்டும். பெயர் போய்விடக்கூடாதே என்று வாங்கிவைத்து மெயிலே அனுப்பாத வேறு டொமைன்கள் இருந்தால், அவற்றுக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. எஸ்பிஎஃப்பில் '-ஆல்' மட்டும், டிமார்க்கில் 'ரிஜெக்ட்', இரண்டையும் இன்றைக்கே போட்டுவிடுங்கள். முதன்மை டொமைனை மூடியதும் ஏமாற்றுக்காரர் அடுத்துத் தேடுவது அவற்றைத்தான்.